வண்டி அனுப்பினால் டாக்டர் வருவார்

ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் விளாத்திகுளத்துக் கரிசலில் வண்டி ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. சக்கரத்தில் மண் அப்பி ஆரக்கால் தெரியாமல் மூடிவிடும். நாலு எட்டுக்கு ஒருமுறை இறங்கி, கம்பால் மண்ணைச் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் மறுபடி மாட்டைத் தட்ட வேண்டும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஊர் ஊராகச் சுற்றுவது இதே மாதங்களில்தான். விதை, உழவு, களையெடுப்பு என்று கையிருப்பெல்லாம் நிலத்துக்குள் போய், தை பிறந்து வெள்ளாமை களம் சேரும்வரை சம்சாரி வீட்டில் காசு தட்டுப்படாத காலமும் அதுவே. நோய் பெருகும்போது பாதை கெட்டிருக்கும். மடியும் காலியாக இருக்கும். வீடு தேடி வந்த மருத்துவர்களைப் பற்றி இந்த வட்டாரத்தில் பேச வேண்டுமானால் இந்த மூன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தக் காலத்து டாக்டர்களின் தர்ம குணத்தைப் பற்றிப் பேசாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. அந்தக் குணம் உண்மை; அதைக் குறைத்துச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆனால் வைத்தியர் ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்ப அரை நாள் ஆகுமென்றால், அந்த அரை நாளின் விலையை யாராவது கொடுத்தே ஆக வேண்டும். ஊர் கொடுத்திருக்கிறது, ஜமீன் கொடுத்திருக்கிறது, நோயாளி வீட்டு மாடுகள் கொடுத்திருக்கின்றன, டாக்டரே கைப்பொறுப்பாக ஏற்றிருக்கிறார், அரசும் கொடுத்திருக்கிறது. எந்தக் காலத்தில் யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால் குணத்தைத் தாண்டிப் பல விஷயங்கள் பிடிபடுகின்றன.

முதலில் கொடுத்தது ஊர். நாவிதத் தொழில் செய்த குடும்பங்களே புண்ணுக்குக் கட்டுப் போட்டன, கட்டியைக் கீறிவிட்டன. அந்த வீட்டுப் பெண்களே மருத்துவச்சிகளாகப் பிரசவம் பார்த்தார்கள். அவர்களை யாரும் தேடிப் போவதில்லை, அவர்கள்தான் வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொரு தடவைக்கும் கூலி பேசும் வழக்கம் இல்லை. அறுவடையில் களத்து மேட்டில் தானியம் அளக்கும்போது ஊர்த் தொழிலாளிகளுக்கு எடுத்துவைக்கும் பங்கில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பிரசவம் என்றால் அதற்கு மேல் அரிசி, எண்ணெய், வெற்றிலை பாக்கு, வசதியைப் பொறுத்து ஒரு சேலை. வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக அளந்துவிட்டு, தேவைப்படும்போதெல்லாம் கூப்பிட்டுக்கொள்கிற ஏற்பாடு இது. இன்றைய மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் ஆண்டுச் சந்தா வாங்கும் முறையோடு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மழை பொய்த்த வருஷம் அந்தப் பங்கும் சுருங்கும். கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்குக் கிடையாது. சாதி விதித்த கடமையாக இருந்ததால்தான் ஊருக்கு அது அவ்வளவு மலிவாகக் கிடைத்தது. நள்ளிரவில் குத்துவிளக்கு வெளிச்சத்தில் உயிரைக் காத்துக் கொடுத்த மருத்துவச்சி, மறுநாள் அதே வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாத காலம் அது.

தானியத்தில் சம்பளம் அளப்பது கிராமத்தோடு நின்ற பழக்கமில்லை. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையின் செலவுக் கணக்கை வரிவரியாகச் சொல்கிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். 11ஆம் நூற்றாண்டின் அந்த ஏற்பாட்டில் மருத்துவர் ஓரிடத்தில் இருந்தார், நோயாளிகள் அங்கே கிடந்தார்கள், கொடை நிலம் செலவைத் தாங்கியது. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் பாளையக்காரர்களும் ஜமீன்களும் வைத்தியர்களுக்கு மானிய நிலம் விட்டது இதன் நீட்சிதான். நிலத்தை உழுது சாப்பிட்டுக்கொள்ள வேண்டியது. அரண்மனையில் கூப்பிட்டால் உடனே போக வேண்டியது. மற்ற நேரத்தில் ஊரையும் பார்த்துக்கொள்ள வேண்டியது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் எட்டயபுரம் உட்பட எல்லா ஜமீன்களும் கலைந்தன. வைத்தியம் பார்ப்பதற்காக நிலம் விடக்கூடிய கை ஒன்று அதோடு இல்லாமல் போனது.

கடற்கரையில் கணக்கு வேறு. விளாத்திகுளத்திலிருந்து கிழக்கே இறங்கினால் வைப்பாறு, வேம்பார். இரண்டும் பரதவர்களின் பழைய ஏழு துறைகளைச் சேர்ந்தவை. 13ஆம் நூற்றாண்டின் முடிவில் இந்தப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் அரசருக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாக எழுதிவைத்திருக்கிறார். ஆபத்து வருவதற்கு முன்பே, ஆபத்தைத் தடுப்பவருக்கு விளைச்சலில் பங்கு! உள்நாட்டுக் களத்து மேட்டில் நடந்ததும் கடற்கரையில் நடந்ததும் அடிப்படையில் ஒரே யோசனைதான்: கஷ்டம் வந்த பிறகு பேரம் பேசக் கூடாது.

அதே கரைக்கு 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவர் மருத்துவர் இல்லை. ஆனால் நோயாளி இருக்கும் வீடுகளிலிருந்து ஜெபிக்க வரச்சொல்லி ஓயாமல் அழைப்பு வந்தது. ஒருவர் எத்தனை வீட்டுக்குத்தான் போக முடியும்? ஜெபம் கற்றிருந்த சிறுவர்களை அந்த வீடுகளுக்கு அனுப்பியதாக 1544-ல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். தேவை பெருகும்போது, பயிற்சி பெற்ற ஒரு சிறு படையை வீடுகளுக்கு அனுப்பும் இந்த வழியைத் தமிழ்நாடு மறுபடியும் கையில் எடுத்ததைக் கடைசியில் பார்ப்போம். சவேரியாருக்குப் பின் வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் புன்னைக்காயலில் ஏழைகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். தமிழில் அச்சு நூல் கொண்டுவந்தவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். இந்த ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

நாட்டு வைத்தியரின் வீட்டு வருகைக்கு இன்னொரு முறை இருந்தது. நாடி பார்த்து, நோயைச் சொல்லி, சரக்குப் பட்டியல் ஒன்றைக் கொடுப்பார். சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, கடுக்காய் என்று நோயாளி வீட்டார் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவர வேண்டும். இடிப்பதும் சலிப்பதும் கல்வத்தில் அரைப்பதும் வீட்டுப் பெண்களின் வேலை. பக்குவம் பார்த்துச் சொல்வது மட்டும் வைத்தியர். இப்படிச் செய்ததால் மருந்துக்கான முதலீடு அவர் கையை விட்டுப் போகவில்லை. கடன்பட்டு நிற்கவும் வேண்டியதில்லை. கைக்கு என்ன கொடுப்பது என்பது வெற்றிலைத் தட்டில் வைக்கும் காணிக்கையாக, குடும்பத்தின் மனசுக்கும் வசதிக்கும் விடப்பட்டது. பஸ்பம், செந்தூரம் என்று வந்தால் மட்டும் விலை உண்டு. அதைப் புடம் போடும் செலவு அவருடையது.

ஆங்கில மருத்துவம் இந்தப் பக்கம் நுழைந்தபோது தூரத்தின் செலவைத் தாங்கப் புதிய கைகள் தேவைப்பட்டன. திருச்செந்தூர்ப் பக்கத்து நாசரேத்தில் 1870-ல் டாக்டர் ஸ்ட்ராச்சன் மிஷன் மருத்துவத்தைத் தொடங்கினார்; 1876-ல் வந்த ஆர்தர் மர்காஷிஸ் அதை வளர்த்து, 1908-ல் இறக்கும்வரை அந்த ஊரிலேயே இருந்தார். அங்கே செலவின் பெரும்பகுதியை இங்கிலாந்தின் நன்கொடையாளர்கள் தாங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் இலவசம், அதனால்தான் சனங்கள் அதைத் தர்மாஸ்பத்திரி என்றார்கள். ஆனால் அதே அரசு டாக்டரை வீட்டுக்கு அழைத்தால் தனிக் கட்டணம். சம்பளம் சர்க்காரிடம், விசிட் பணம் பங்களாக்களிடம் என்று இரண்டு வருமானம் அவர்களுக்கு அமைந்தது. 1946-ல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு, முழுநேர அரசு டாக்டர்கள் தனியாகத் தொழில் செய்வதைத் தடை செய்யச் சொன்னது. தமிழ்நாட்டில் பணி நேரம் போக மற்ற நேரத்தில் தனியாகப் பார்க்கும் அனுமதி இன்றும் நீடிக்கிறது.

டாக்டர் கிராமத்தில் தங்காததன் காரணத்தை முதலில் தெளிவாகக் கண்டுகொண்டவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த சாமுவேல் கிரீன் என்று சொல்லலாம். 1847-ல் வந்த இந்த அமெரிக்க மருத்துவர், ஆங்கிலத்தில் படித்த தன் மாணவர்கள் சம்பளத்தைத் தேடி வெளியூர் போய்விடுவதைப் பார்த்தார். 1860-களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றி, மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். தமிழில் படித்தவர் ஊரில் நிற்பார், ஊர் கொடுக்கிற கட்டணம் அவருக்குக் கட்டுப்படியாகும் என்பது அவர் எண்ணம். தமிழ்வழி மருத்துவக் கல்வி என்றால் மொழிப்பற்றைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கிரீன் அதைக் கிராமத்தின் வரவு செலவோடு சேர்த்துப் பார்த்தார்.

சென்னை மாகாண அரசு வேறு வழியை முயன்றது. பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சியில், 1924-ல், கிராமத்தில் குடியேறும் தனியார் டாக்டர்களுக்கு ஆண்டு மானியம் கொடுக்கும் திட்டம் வந்தது. ஏழைகளை இலவசமாகப் பார்க்க வேண்டும். வசதியானவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். கொஞ்சம் அரசு, மீதி ஊர். நல்ல யோசனைதான். ஆனால் வசதியானவர்கள் நாலு பேராவது இருக்கிற ஊரில்தான் அந்தக் கணக்கு நிற்கும். 1930-களின் மந்தத்தில் விளைச்சலுக்கு விலையே இல்லாதபோது, வானம் பார்த்த பூமியில் கட்டணம் கொடுக்கும் நாலு பேரைத் தேடுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்!

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னுமாகச் சிறு நகரங்களில் நிலைபெற்றவர்கள் எல்.எம்.பி. என்ற உரிமப் படிப்பு முடித்த டாக்டர்கள். 1876-ல் மதுரை–தூத்துக்குடி ரயில் கோவில்பட்டி வழியாகப் போய்விட்டது. கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளிக் கிடந்த விளாத்திகுளம் போன்ற ஊரில் டாக்டர் என்றால் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அவர்தான். வீட்டுக்கு வர வேண்டுமென்றால் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: வண்டியை நோயாளி வீட்டார் அனுப்ப வேண்டும், திரும்பக் கொண்டுவந்தும் விட வேண்டும்.

வில்வண்டி வாசலில் வந்து நின்றதும் தோல்பையை வாங்கிக்கொள்ள ஒருவர் ஓடுவார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். கண்ணாடி ஊசிக் குழலை அந்தத் தண்ணீரில் போட்டு எடுத்த பிறகுதான் ஊசி. பார்த்து முடித்ததும் சொம்பில் வெந்நீர், புது சோப்பு, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத துண்டு. பணத்தை வீட்டுப் பெரியவர் வெற்றிலைக்கு அடியில் வைத்து நீட்டுவார், இல்லையென்றால் வண்டி ஏறும்போது கையில் பொத்திக் கொடுப்பார். எண்ணிப் பார்க்கும் வழக்கம் இல்லை. மருந்துக்கு வண்டிக்காரனிடமே ஒரு காலிப் பாட்டில் போகும். கம்பவுண்டர் மிக்சர் கலந்து ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காக ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பார். வருமானத்தின் பெரும்பகுதி அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது. பார்த்ததற்குப் பணம் கேட்கக் கூச்சப்பட்ட டாக்டர்கூட மருந்துக் காசு கேட்கக் கூசவில்லை. 1950-களில் பெனிசிலின் பரவியதும் அந்த இடத்தை ஊசி பிடித்தது.

வண்டி இல்லாத வீடுகள்தான் அதிகம். அவர்கள் நோயாளியைக் கயிற்றுக்கட்டிலில் போட்டு நாலு பேராகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் வீட்டுக்கு வந்தார் என்று நினைவு வைத்திருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் மாடும் வண்டியும் வைத்திருந்த குடும்பங்கள். இந்த உண்மையை விட்டுவிட்டுப் பழைய காலத்தைப் புகழ்வது, தூக்கி வந்தவர்களின் தோள்வலியை மறப்பதாகும்.

அப்படித் தூக்கி வரப்பட்டவர்களிடம் பல டாக்டர்கள் காசு வாங்கவில்லை. பெரிய வீட்டில் அதற்கும் சேர்த்து வாங்கினார்கள். 1958-ல் ரூபன் கெசல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், ஆளுக்கொரு கட்டணம் என்ற இந்த முறைக்குக் காரணம் தர்மம் இல்லை, போட்டியைத் தடுத்துவைத்திருக்கும் ஏகபோகம்தான் என்று வாதிட்டார். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பிடியைப் பற்றி அவர் சொன்னதில் பலம் இருக்கிறது. கரிசல் ஊருக்கு அது பாதிதான் பொருந்தும். இங்கே ஒரே டாக்டர் இருந்ததற்குக் காரணம் சங்கத்தின் தடை இல்லை. இரண்டாவது டாக்டர் பிழைக்க வழி இல்லாததுதான். எந்த வீட்டில் மிளகாய் வத்தல் எத்தனை மூட்டை விழுந்தது, எந்த வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பாக்கியை மாசி, பங்குனியில் வத்தல் விற்ற கையோடு கொண்டுவந்து கொடுப்பார்கள், சிலர் வத்தலாகவே கொடுப்பார்கள். வட்டியில்லாத அந்தக் கடனை எந்த ஏடும் பதிந்து வைக்கவில்லை.

பணம் எவ்வளவு தூரம் டாக்டரை இழுத்துச் செல்லும் என்பதற்கு எதிர்க்கோடி உதாரணம் சென்னை டாக்டர் ரங்காச்சாரி. 1882-ல் பிறந்து 1934-ல் மறைந்தவர். ரோல்ஸ் ராய்ஸ் காரில் நோயாளிகளைப் பார்க்கப் போனவர். வெளியூர் அழைப்புகளுக்காகச் சொந்தமாகச் சிறு விமானமும் வைத்திருந்தார். அவர் சிலை இன்றும் சென்னை அரசு பொது மருத்துவமனை வாசலில் நிற்கிறது. ஏழைகளுக்கு அவர் கை தாராளம் என்பார்கள். ஆனால் விமானம் இறங்கும் அழைப்பு எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு வருகை தேய்ந்தது இங்கே மட்டுமில்லை. அமெரிக்காவில் 1930-ல் டாக்டர்–நோயாளி சந்திப்புகளில் நூற்றுக்கு 40 வீட்டில் நடந்தன. 1950-ல் அது 10 ஆனது. 1980-ல் ஒன்றுக்குச் சுருங்கிவிட்டது. காரும் டெலிபோனும் வந்து டாக்டரின் பயணத்தை எளிதாக்கிய காலத்திலேயே இது நடந்தது, ஏனென்றால் அதே கார் நோயாளியையும் எளிதாகக் கொண்டுவந்து சேர்த்தது. கரிசலில் அந்த வேலையைப் பஸ் செய்தது. 1974-ல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் உருவாகி, உட்கிராமங்களுக்கெல்லாம் பஸ் போகத் தொடங்கியதும், தூரத்தின் செலவு ஒரு டிக்கெட்டாக நோயாளியின் கைக்கு மாறியது. மணிக்கு இருபது பேரைப் பார்க்கக்கூடிய டாக்டர் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினால், அந்த ஒரு மணி நேரத்துக்கு இருபது பேரின் கட்டணத்தை ஒரே வீட்டில் வாங்க வேண்டும். மனசாட்சி உள்ளவரால் அப்படிக் கேட்க முடியாது. கேட்காமல் போய்வந்தால் வெளியே காத்திருக்கும் இருபது பேருக்குத் துரோகம். ஈசிஜி, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எதையும் தோல்பையில் கொண்டுபோகவும் முடியாது. 1995-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு, கருவி இல்லாத வீட்டில் வைத்தியம் பார்க்கும் துணிச்சலும் குறைந்தது. காலியான இடத்தில் டிவிஎஸ் 50-ல் ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலுமாகப் படிக்காத ‘டாக்டர்கள்’ கிளம்பினார்கள். அவர்களைச் சட்டம் துரத்துவது சரி. கூப்பிட்டால் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் அவர் என்பதால்தான் கூப்பிட்டார்கள் என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டபோது, செலவைத் தாங்கும் கை மறுபடி மாறியது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரை வீட்டுக்கு வருகிறது. படுத்த படுக்கையானவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். 2024-ல் ஐ.நா.வின் விருதும் இதற்குக் கிடைத்தது. இந்தத் திட்டம் கட்டுப்படியாவதன் சூட்சுமம் தூரத்தைக் குறைத்ததில் இருக்கிறது. மாத்திரைப் பையோடு வருபவர் பெரும்பாலும் அதே வட்டாரத்துப் பெண். அடுத்த தெருவுக்கு நடந்து போகிறார். மருந்தை மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குவதால் விலையும் குறைவு. மருத்துவச்சியைப் போல ஊருக்குள் ஒருத்தி, ஆனால் சாதிக் கடமையாக இல்லாமல் அரசு கொடுக்கும் தொகைக்கு. அந்தத் தொகை அவர்கள் உழைப்புக்குப் போதுமா என்ற கேள்வியை அந்தப் பெண்களே எழுப்பிவருகிறார்கள், நியாயமாகவே.

இந்த ஏற்பாட்டில் டாக்டர் மட்டும் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்க, வேம்பார்ப் பக்கத்து ஊரொன்றில் பக்கவாதத்தில் கிடக்கும் பெரியவரை டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றால் கார் பிடிக்க வேண்டும், தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். தமிழ்நாட்டில் 2024–25-ல் நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாய். கார் வாடகைக்கு முன்பே இரண்டு பேர் கூலி 638 ரூபாய் போய்விடும். ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்று அரசின் ஏடு சொல்லும். தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் மாதம் இரண்டு நாள், ஆஸ்பத்திரி வண்டியில், செவிலியரோடு, ஒரே திசையில் இருக்கும் ஏழெட்டு ஊர்களுக்குப் போய்வந்தால் ஒரு வீட்டுக்கு விழும் செலவு அந்தக் கூலியையும் கார் வாடகையையும்விடக் குறைவாகவே இருக்கும். அதற்கு டீசலுக்கும், அந்த இரண்டு நாள் புறநோயாளிப் பிரிவைப் பார்த்துக்கொள்ள இன்னொரு டாக்டருக்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும்.